ஹார்பின் பிளேக்கை நிறுத்தியது எது? டாக்டர் வூ லியென் தே பற்றி ஒரு விவாத இழை

வேம்படி எழுதியது:

கிராம சுகாதார செவிலியராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீடு வீடாகப் போய் "யாருக்காவது காய்ச்சல் இருக்கா" என்று கேட்பது, சில வீடுகளில் கதவைச் சாத்திவிடுவார்கள், மறுநாள் திரும்பவும் அதே வாசலில் போய் நிற்பது. இப்படித்தான் என் காலம் போனது. அதனால்தானோ என்னவோ, வூ லியென் தே என்ற சீன மருத்துவரைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதிலிருந்து வேறு எதிலும் மனம் போகவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1910 குளிர்காலம். சீனாவின் வடகிழக்கில் மஞ்சூரியா. ரஷ்யர்கள் போட்ட ரயில் பாதையில் ஹார்பின் நகரம். அதை ஒட்டி ஃபூஜியாதியன் என்ற சீனர் குடியிருப்பு, ஏறக்குறைய 24,000 பேர். காய்ச்சல், இருமல், ரத்தம் கலந்த சளி. இருமல் தொடங்கி இரண்டொரு நாளில் உயிர் போய்விடுகிறது. நோய் வந்தவர்களில் பிழைத்தவர் என்று சொல்ல ஆளே இல்லை. பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) அரசு ஒரு டாக்டரை அனுப்புகிறது. வயது 31. டிசம்பர் 24 அன்று ஹார்பின் வந்து இறங்குகிறார். கையில் ஒரு நுண்நோக்கி, உடன் ஒரு மருத்துவ மாணவர். அவ்வளவுதான்.

மார்ச் 1, 1911 அன்று ஹார்பினில் கடைசி நோயாளி பதிவானார். அதற்குள் மஞ்சூரியாவிலும் வடசீனாவிலும் சேர்த்து 60,000 பேர் வரை இறந்திருந்தார்கள்.

அவரைப் பற்றி எங்கே பார்த்தாலும் "முகக்கவசம் கண்டுபிடித்தவர்" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. வேலை பார்த்தவள் என்ற முறையில் கேட்கிறேன்: அந்த நோயை உண்மையில் நிறுத்தியது எது?

---

பினாங்கு முத்து எழுதியது:

அக்கா, எங்கள் ஊர்க்காரரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஆமாம், டாக்டர் வூ பிறந்தது பினாங்கில், 1879 மார்ச் 10. அப்பா குவாங்தோங்கிலிருந்து வந்த பொற்கொல்லர். படித்தது பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில். அங்கே இன்றும் ஒரு மாணவர் இல்லத்துக்கு அவர் பெயர்தான். பள்ளிக்குப் பக்கத்திலேயே தாமான் வூ லியென் தே என்று ஒரு குடியிருப்பும் உண்டு. அந்தப் பக்கம் தினமும் போய்வருகிற நம் ஆட்கள் பலருக்கே அது யார் பெயர் என்று தெரியாது என்பது என் மனக்குறை.

1896இல் குயின்ஸ் ஸ்காலர்ஷிப் வாங்கி கேம்பிரிட்ஜ் போனார். அங்கே மருத்துவம் படித்த முதல் சீன வம்சாவளி மாணவர் அவர். பிறகு லிவர்பூல், பாரிஸில் பாஸ்டர் நிறுவனம், ஜெர்மனியில் ஹாலே என்று போய் நுண்ணுயிரியல் கற்றார். 1903இல் ஊர் திரும்பியதும் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோய் பற்றி ஆராய்ந்தார். அப்புறம் பினாங்கில் சூலியா தெருவில் சொந்த கிளினிக். சூலியா என்றால் நம் தமிழ் முஸ்லிம் வணிகர்கள். அவர்கள் பெயரில் இருக்கிற தெரு அது.

ஏன் ஊரை விட்டுப் போனார் என்பதும் முக்கியம். அபினியை எதிர்த்து இயக்கம் நடத்தினார், 1906இல் ஒரு பெரிய மாநாடே கூட்டினார். அன்றைக்குக் காலனி அரசின் வருமானத்தில் பெரும்பகுதி அபினி வரிதான். 1907இல் அவர் கிளினிக்கைச் சோதனை போட்டு, மருந்துக்காக வைத்திருந்த ஒரு அவுன்ஸ் அபினிக் கரைசலை எடுத்து, வழக்குப் போட்டு 100 டாலர் அபராதம் விதித்தார்கள். மேல்முறையீடும் தள்ளுபடி. அந்தச் சமயத்தில்தான் தியான்ஜினில் ராணுவ மருத்துவக் கல்லூரியில் துணை இயக்குநர் வேலைக்குச் சீன அரசின் உயர் அதிகாரி யுவான் ஷிகாயிடமிருந்து அழைப்பு வந்தது. போய்விட்டார்.

---

நுண்நோக்கி எழுதியது:

வேம்படி அம்மா கேட்ட கேள்விக்கு என்னால் முடிந்த பதில். நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருப்பவன்.

முதலில் முகக்கவசம். அவர் அதைக் "கண்டுபிடிக்கவில்லை". 1897லேயே பிரெஸ்லாவ் நகரில் மிக்குலிச் என்ற அறுவை மருத்துவர் ஒற்றை மடிப்பு வலைத்துணியை வாயில் கட்டிக்கொண்டு அறுவை செய்திருக்கிறார். அது மருத்துவரின் எச்சில் நோயாளியின் காயத்தில் விழாமல் இருக்க. வூ செய்தது வேறு. கட்டுத்துணியை மடித்து நடுவில் பஞ்சை வைத்து, இரு முனைகளையும் கத்தரித்து வால்களாக்கி, தலைக்குப் பின்னால் இறுக்கிக் கட்டும்படி செய்தார். எந்த ஊரிலும் கிடைக்கிற பொருள், யார் வேண்டுமானாலும் தைக்கலாம். அதை மருத்துவர், போலீஸ், பிணம் தூக்குகிறவர், தெருவில் போகிறவர் எல்லோரும் கட்ட வேண்டும் என்றார். நோய் காற்றில் வருகிறது, ஆகவே *சுவாசிப்பவரை* காக்க வேண்டும் என்று யோசித்தார் பாருங்கள், புதுமை அங்கேதான் இருக்கிறது.

அந்த முடிவுக்கு எப்படி வந்தார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம். 1894இல் ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டறிந்திருந்தார்கள். 1896க்குப் பிறகு பம்பாயில் லட்சக்கணக்கில் மக்கள் இறந்தபோது, எலி, எலியின் மேல் உள்ள தெள்ளுப்பூச்சி, அது கடித்து மனிதனுக்கு நெறிகட்டி வரும் நோய் என்ற பாதை நன்றாக நிறுவப்பட்டுவிட்டது. ஆகவே 1910இல் ஹார்பினுக்கு வந்த பெரிய பெரிய நிபுணர்கள் எல்லோரும் எலியைத் தேடினார்கள். எலிகளை அறுத்து அறுத்துப் பார்த்தும் கிருமி கிடைக்கவில்லை.

வூ மனிதரை அறுத்துப் பார்த்தார். டிசம்பர் 27. சீனரை மணந்து விடுதி நடத்திவந்த ஒரு ஜப்பானியப் பெண் இறந்துவிட்டார் என்று தகவல் வருகிறது. உடலை அறுப்பது அன்றைய சீனாவில் பெரிய குற்றம், பெரிய பாவம். சத்தமில்லாமல் அந்த வீட்டிலேயே, அழுக்குத் தரையில் வைத்துச் செய்தார். நுரையீரல், இதயம், மண்ணீரல், கல்லீரல் எல்லாவற்றிலும் பிளேக் கிருமி. கிருமி வளர்ப்பும் அதையே காட்டியது. உள்ளூர் அதிகாரிகளைக் கூப்பிட்டு நுண்நோக்கியில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னார்.

எலி இல்லை. நெறி இல்லை. நுரையீரல் நிறையக் கிருமி. அப்படியானால் இருமுகிறவரிடமிருந்து நேராக அடுத்தவருக்குப் போகிறது. மூன்று நாள் வேலையில் எடுத்த முடிவு, பின்னாளில் சரியென்றே ஆனது.

---

வரலாற்று வாசகன் எழுதியது:

அந்த முடிவை யாரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சேர்க்க வேண்டும். தியான்ஜினிலிருந்து மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் வந்தார். வயதில் மூத்தவர், பேராசிரியர், வேறோர் இடத்தில் நெறிகட்டும் பிளேக்கைச் சமாளித்த அனுபவமும் உண்டு. பொறுப்பைத் தன்னிடம் தரவேண்டும் என்றார். காற்றில் பரவுகிறது என்று வூ விளக்கியபோது, ஒரு சீனன் எனக்குச் சொல்லித் தருவதா என்ற பாணியில் கோபப்பட்டதாக வூ தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வூ பேசாமல் ராஜினாமாத் தந்தி அடித்தார். பீக்கிங் அதை ஏற்கவில்லை, வூ பக்கமே நின்றது.

மெஸ்னி ரஷ்ய பிளேக் மருத்துவமனைக்குப் போய் முகக்கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாட்களில் காய்ச்சல். ஜனவரி 11 அன்று இறந்தார்.

அந்த ரஷ்ய மருத்துவமனையின் தலைமை மருத்துவர் பெயரும் ஹாஃப்கின். பம்பாயில் பிளேக் தடுப்பூசி செய்த ஹாஃப்கினின் உறவினர். தடுப்பூசியையே நம்பியிருந்தார்கள். நுரையீரல் பிளேக்கின் முன்னால் அது பலிக்கவில்லை.

மெஸ்னி இறந்த பிறகுதான் ஹார்பின் நகரமே முகக்கவசம் கட்டியது. இதைப் படிக்கும்போது எனக்கு எந்த வெற்றி உணர்வும் வரவில்லை. அவரும் உயிரைப் பணயம் வைத்து வந்தவர்தான்.

---

அமுதா தி எழுதியது:

எல்லோரும் புகழ்ந்துகொண்டிருக்கும்போது நான் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஆனால் ஃபூஜியாதியன் மக்களின் பக்கம் நின்றும் இதைப் பார்க்க வேண்டும்.

குடியிருப்பை நான்கு பகுதியாகப் பிரித்தார்கள். வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஆளுக்கொரு நிறத்தில் பட்டை. உங்கள் பகுதியை விட்டு நகர அனுமதிச் சீட்டு வேண்டும். சுற்றிலும் ஆயிரத்துக்கும் அதிகமான படைவீரர்கள். தினமும் வீட்டுச் சோதனை. நோயாளி இருந்தால் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள், அங்கிருந்து உயிரோடு திரும்பியவர் கிடையாது. மிச்சப் பேரை ரயில் பெட்டியில் அடைப்பார்கள். இதற்குப் பயந்துதான் மக்கள் இறந்தவரை இரவில் தெருவில் கொண்டுபோய்ப் போட்டார்கள். பெற்ற தாயின் உடலைத் தெருவில் விட்டுவிட்டு வருகிற நிலைக்கு ஒரு மனிதனைத் தள்ளியது நோய் மட்டும்தானா?

2020இல் எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். உள்ளே இருந்த பாட்டிக்கு மூன்று நாள் மருந்து போகவில்லை. எந்த அலுவலகம், யார் என்று எழுத விரும்பவில்லை. ஆனால் "பொது நன்மை" என்ற சொல்லைக் கேட்டால் அந்தத் தகரம்தான் என் கண்முன் வருகிறது.

---

வேம்படி எழுதியது:

அமுதா, நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அந்தத் தகரத்தை அடித்தது என்னைப் போன்ற யாரோ ஒருவருடைய கணக்கெடுப்பை வைத்துத்தான். அது எனக்குத் தெரியும், உறுத்துகிறது.

ஆனால் ரயில் பெட்டி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நோயாளியோடு இருந்த ஆட்களை என்ன செய்வது என்பதுதான் எங்கள் வேலையிலேயே கஷ்டமான பகுதி. ஒரே கொட்டகையில் எல்லோரையும் போட்டால் ஒருவருக்கு இருந்தது அத்தனை பேருக்கும் வந்துவிடும். வூ ரஷ்ய ரயில்வேயிடம் 120 சரக்குப் பெட்டிகளைக் கேட்டு வாங்கினார். ஏன் பெட்டி? ஒவ்வொன்றும் தனித்தனி அறை மாதிரி. ஒரு பெட்டியில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அந்தப் பெட்டி மட்டும்தான் ஆபத்தில். தினமும் வெப்பநிலை பார்த்தார்கள், குறிப்பிட்ட நாட்கள் காய்ச்சல் இல்லாமல் கடந்தவர்களை வெளியே விட்டார்கள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 25, 30 டிகிரி குளிர். புதுக் கட்டடம் கட்ட நேரமும் இல்லை, தரை பாறையாக உறைந்து கிடக்கிறது. அந்த நிலைமையில் இதைவிட நல்ல யோசனை எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை.

இன்னொன்று. அந்தப் பணியில் கிட்டத்தட்ட 3,000 பேர் இருந்தார்கள், அதில் ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பிணம் தூக்கியவர்கள், வண்டி ஓட்டியவர்கள், சமையல்காரர்கள், காவலர்கள். மெஸ்னியின் பெயர் நமக்குத் தெரிகிறது. அவர்கள் பெயர் தெரியவில்லை.

---

வரலாற்று வாசகன் எழுதியது:

அமுதா சொல்வதில் நியாயம் இருக்கிறது, அரசியல் பின்னணியைச் சேர்த்தால் இன்னும் தெளிவாகும். வடக்கே ரயில்பாதை ரஷ்யா கையில், தெற்கே ஜப்பான் கையில். சீனாவால் நோயை அடக்க முடியவில்லை என்றால் "நாங்கள் வந்து அடக்குகிறோம்" என்று படையோடு உள்ளே வரக் காரணம் கிடைத்துவிடும். அன்று சீனாவை ஆண்ட சிங் அரசவை அவ்வளவு அவசரமாகவும் கடுமையாகவும் நடந்துகொண்டதற்கு மக்கள்மேல் அன்பு மட்டும் காரணம் இல்லை.

நோய் பரவியதும் அந்த ரயிலால்தான். தர்பகான் என்ற மார்மட், புல்வெளியில் வளை தோண்டி வாழும் அணில் இனத்துப் பெரிய விலங்கு. ஐரோப்பாவில் அதன் தோலுக்கு விலை ஏறியதும் ஷாண்டோங் மாகாணத்திலிருந்து அனுபவமில்லாத ஏழை வேட்டையாட்கள் திரண்டு வந்தார்கள். மங்கோலிய வேட்டைக்காரர்களுக்கு நோயுற்ற மார்மட்டைத் தொடக்கூடாது என்று தெரியும், இவர்களுக்குத் தெரியாது. குளிரில் தரைக்குக் கீழே தோண்டிய விடுதிகளில் இருபது முப்பது பேர் நெருக்கிப் படுத்தார்கள். ஒருவர் இருமினால் போதும். புத்தாண்டுக்கு ஊர் திரும்ப ரயில் ஏறினார்கள், ரயில் போன ஊருக்கெல்லாம் நோயும் போனது. ஆகவே ரயில் பயணத்தை நிறுத்தியதும், வழியில் தடுத்துச் சோதித்ததும் முகக்கவசத்துக்குச் சமமான வேலை செய்தன என்பது என் எண்ணம்.

---

நுண்நோக்கி எழுதியது:

இப்போது தகனம் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஜனவரி மாதம் ஊர் இடுகாட்டில் சவப்பெட்டிகளும் பெட்டி இல்லாத உடல்களும் ஒரு மைல் நீளத்துக்கு வரிசையாகக் கிடந்தன. தரை உறைந்ததால் குழி தோண்ட முடியவில்லை. குளிரில் கிருமி சாகாது. எலிகள் அந்த உடல்களைக் கடித்து நோய் எலிக்கும் போனால் அப்புறம் முடிவே கிடையாது என்று வூ பயந்தார். எரித்துவிடலாம். ஆனால் மூதாதையர் வழிபாட்டையே அறமாகக் கொண்ட ஒரு நாட்டில், மண்ணில் வைக்க வேண்டிய உடலை எரிப்பது என்றால் சும்மாவா?

அவர் செய்தது: முதலில் உள்ளூர்ப் பெரியவர்களையும் அதிகாரிகளையும் இடுகாட்டுக்கு அழைத்துப்போய் நேரில் காட்டினார். பிறகுதான் பேரரசருக்கு விண்ணப்பம். சில நாள் காத்திருப்புக்குப் பின் அனுமதி வந்தது. ஜனவரி 31, சீனப் புத்தாண்டுக்கு மறுநாள். நூறு நூறாக 22 குவியல், தீயணைப்பு பம்பு கொண்டு மண்ணெண்ணெய் அடித்து, எரித்தார்கள். 2,000க்கு மேற்பட்ட உடல்கள். புத்தாண்டுப் பட்டாசை அந்த வருடம் வீட்டுக்குள்ளேயே வெடிக்கும்படியும் மக்களுக்குச் சொன்னார்கள், கந்தகப் புகை கிருமியைக் கொல்லும் என்ற நம்பிக்கையில்.

அதற்குச் சில நாள் முன்புதான் ஒரே நாளில் 183 சாவு. எரியூட்டலுக்குப் பிறகு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. ஆனால் எரித்ததால்தான் இறங்கியது என்று நான் சொல்லமாட்டேன். உறைந்த பிணம் இருமாது. ஒரு மாதமாக நடந்த தனிமைப்படுத்தலின் பலன் அந்த நேரத்தில் தெரிய ஆரம்பித்தது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. எரியூட்டல் வேறு வகையில் உதவியிருக்கும். அரசு இதை விளையாட்டாக எடுக்கவில்லை என்று ஊருக்கே புரிந்தது.

---

அமுதா தி எழுதியது:

பெரியவர்களை இடுகாட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டினார் என்பது எனக்குத் தெரியாது. அது முக்கியமான விஷயம். எங்கள் தெருவில் யாரும் எதையும் காட்டவில்லை, தகரத்தை மட்டும் கொண்டுவந்தார்கள்.

படைவீரர்களும் அனுமதிச் சீட்டும் சரியா என்பதில் என் கருத்து மாறவில்லை. ஆனால் 24,000 பேர் இருந்த ஊரில் 5,000க்கு மேல் இறந்தார்கள் என்பதைப் படித்த பிறகு, அந்த இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

---

பினாங்கு முத்து எழுதியது:

ஹார்பினோடு நிறுத்திவிட்டால் அவர் வேலையில் பாதியைத்தான் பேசியதாகும். நான்கு மாதம் ஹார்பின், அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் சீனா.

1911 ஏப்ரலில் முக்டனில் (இன்றைய ஷென்யாங்) சர்வதேச பிளேக் மாநாடு. 11 நாடுகள் வந்தன. பிளேக் கிருமியைக் கண்டவர்களில் ஒருவரான ஜப்பானியர் கிட்டசாடோவே வந்து உட்கார்ந்திருந்தார். தலைமை வகித்தவர் நம் பினாங்குக்காரர், 32 வயது. சீன மண்ணில் அப்படி ஒரு அறிவியல் மாநாடு அதற்கு முன் நடந்ததில்லை.

அந்த மாநாட்டின் பரிந்துரையால் 1912இல் வட மஞ்சூரிய பிளேக் தடுப்புப் பணியகம் உருவானது. தலைமையிடம் ஹார்பின், பணம் சுங்க வருமானத்திலிருந்து. ரயில்பாதை நெடுக மருத்துவமனைகள், ஆய்வகம், பயிற்சி பெற்ற ஆட்கள். பிளேக் இல்லாத வருடங்களில் சாதாரண நோயாளிகளைப் பார்த்தார்கள். கோடையில் புல்வெளிக்குப் போய் மார்மட்டுகளைப் பிடித்து ஆராய்ந்தார்கள். 1915இல் சீன மருத்துவச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். 1918இல் பீக்கிங்கில் நவீன மருத்துவமனை ஒன்றை நிறுவினார். 1919இல் ஷாங்காயில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெட்டி அபினியை எரித்தபோது மேற்பார்வை செய்தவரும் அவரே. ஒரு அவுன்சுக்கு அபராதம் கட்டிய மனிதர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1920 இறுதியில் நுரையீரல் பிளேக் மீண்டும் வந்தது. அதே மஞ்சூரியா, அதே ரயில், அதே குளிர். இந்த முறை ஆட்களும் இடமும் தயாராக இருந்தன. இறந்தவர்கள் 9,000 சொச்சம். அதுவும் பெரிய துயரம்தான். ஆனால் 60,000 எங்கே, இது எங்கே?

---

வேம்படி எழுதியது:

முத்து, இதுதான் நான் தேடிய பதில் என்று நினைக்கிறேன். முகக்கவசமா, ரயில் பெட்டியா, எரியூட்டலா என்று ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். 1910இல் அவர் எல்லாவற்றையும் கடன் வாங்கித்தான் செய்தார். பெட்டி ரஷ்யர்களுடையது, வீரர்கள் படையிலிருந்து, டாக்டர்கள் அங்கங்கே இருந்து வந்தவர்கள். 1920இல் எதையும் கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை. நோயே இல்லாத ஒன்பது வருடம் ஆய்வகத்துக்கும் சம்பளத்துக்கும் பணம் கேட்டுக் கேட்டு வாங்கியிருப்பார். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சல் சீசன் முடிந்ததும் தற்காலிக ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த வருடம் புது ஆட்களுக்கு அதே பாடத்தை முதலிலிருந்து நடத்துவேன். அதனால் அந்த ஒன்பது வருடம் எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும்.

கடைசிக் காலம் எப்படி? போரின்போது என்ன ஆனார்?

---

வரலாற்று வாசகன் எழுதியது:

1930இல் தேசிய குவாரன்டைன் பணியகத்தின் முதல் இயக்குநர் ஆனார், ஷாங்காயில். அதுவரை சீனத் துறைமுகங்களில் கப்பல்களைச் சோதிக்கும் அதிகாரம் வெளிநாட்டார் நடத்திய சுங்கத் துறையிடம் இருந்தது. அதை நாட்டின் கைக்கு மீட்டது அவருக்குப் பெருமையான வேலை. 1935இல் மருத்துவ நோபலுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. பரிசு ஹான்ஸ் ஸ்பேமானுக்குப் போனது.

மஞ்சூரியாவை ஜப்பான் பிடித்த 1931இல் அவரை உளவாளி என்று சந்தேகித்துச் சிறிது காலம் அடைத்துவைத்தார்கள். பணியகத்தையும் இழந்தார். 1937இல் ஷாங்காயிலும் போர் வந்ததும் மலாயா திரும்பிவிட்டார்.

---

பினாங்கு முத்து எழுதியது:

மிச்சத்தை நான் சொல்கிறேன். திரும்பி வந்து ஈப்போவில் சாதாரண டாக்டராக கிளினிக் வைத்தார். உலக நாடுகள் சங்கத்துக்கு நுரையீரல் பிளேக் பற்றிப் பெருநூல் எழுதிக் கொடுத்தவர், ஈப்போவில் சளி காய்ச்சலுக்கு மருந்து எழுதிக்கொண்டிருந்தார். இல்லாதவர்களிடம் காசு வாங்கவில்லை. ஜப்பானியர் காலத்தில், 1943இல், காட்டில் இருந்த எதிர்ப்புப் படையினர் அவரைப் பிடித்துப்போய்ப் பணயத்தொகை வாங்கிக்கொண்டு விட்டார்கள். பணம் கொடுத்ததற்காக ஜப்பானியர் அவரைத் தண்டிக்கப் பார்த்தார்கள். அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு ஜப்பானிய அதிகாரியால் தப்பினார். எண்பது வயது வரை நோயாளிகளைப் பார்த்தார். 1960 ஜனவரி 21 அன்று பினாங்கில் காலமானார். ஓய்வெடுக்கலாம் என்று அங்கே வீடு வாங்கிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தது.

---

வேம்படி எழுதியது:

நன்றி முத்து. சூலியா தெருப் பக்கம் போனால் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். கிளினிக் இருந்த கட்டடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தெரு போதும்.

---

பினாங்கு முத்து எழுதியது:

சனிக்கிழமை போகிறேன் அக்கா. ஃப்ரீ ஸ்கூல் வாசலையும் சேர்த்து எடுத்துப் போடுகிறேன்.